பின்கொசுவமும் பெல்ட்டும்

நெல் மில் களத்தில் மேஸ்திரியாக நிற்பவளுக்கு வெயில் எதிரி இல்லை; முதல் எதிரி மேகம், அடுத்த எதிரி முதலாளி.

நாலு பேருக்கு மேலேயும் ஒருத்தருக்குக் கீழேயும் நின்று வேலை வாங்கியவர்கள் உங்களில் இருந்தால் இது உங்களுக்குச் சட்டென்று புரியும். கம்பெனி சூப்பர்வைசராக இருக்கலாம், கல்யாண வீட்டுச் சமையலுக்கு ஆள் கூட்டிப் போகிறவராக இருக்கலாம், கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகளாக இருக்கலாம். எல்லாருக்கும் வலிக்கிற இடம் ஒன்றுதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். புதுவயலில் ஒரு மில்லில் அறுபதுகளின் கடைசியில் நெல் கிண்டப் போய், பிறகு ஐந்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தேன். அங்கே பட்டதைச் சொல்கிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. நம்மைப் போல இன்னொருத்தியும் பட்டிருக்கிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் சரி.

கவலைக்குக் கிடைத்த பதவி

எனக்கு முன்னால் களத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர் ஓர் ஆம்பளை. நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் அசைய மாட்டார். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டு வேப்ப மரத்தடியில் துண்டை விரித்துவிடுவார். நான் ஒரு கூலியாள்தான். ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியாது. “அண்ணே, தார்ப்பாயில ஓட்டை இருக்கே, தச்சாச்சா?” “அண்ணே, மேற்க இருட்டுதே, பாத்தீகளா?” என்று போய்ப் போய்க் கேட்பேன். அவர் எரிந்து விழுவார். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குத் தூக்கம் வராது. மூடின நெல்லின் மேல் கல் வைத்தோமா இல்லையா என்று புரண்டுகொண்டே கிடப்பேன். என் வீட்டுக்காரர் காச நோயில் படுத்திருந்த காலம் அது. அவர் இருமலும் என் கவலையுமாக வீடே விழித்திருக்கும்.

அந்த மேஸ்திரி வேலையை விட்டுப் போனதும், புதுசாக ஓர் ஆள் வரப்போகிறார் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். முதலாளி நேராக என்னிடம் வந்தார். அவருடைய அப்பா காலத்தில் வயல்தான். அதில் பாதியை விற்று இவர் மில் வைத்திருந்தார். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும், ஆள்களை மேய்க்கத் தெரியாது, வேண்டாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“நீ ராத்திரி பூராம் கவலைப்படுற ஆளு பஞ்சவர்ணம். உன்னைய மேஸ்திரியா வச்சா நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

தூக்குச்சட்டி

மேஸ்திரியான முதல் வாரமே முதல் அடி விழுந்தது. அடித்தவள் செல்லாயி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், என் தெருக்காரி. பாதி வருஷம் ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றிருக்கிறோம். அவள் கொண்டு வரும் கருவாட்டுக் குழம்புக்காகவே எனக்கு மத்தியானம் பசிக்கும்.

களத்தில் வெயில் ஏறுவதற்கு முன்னால் நெல்லைப் பரப்பியாக வேண்டும். செல்லாயி தினமும் பரப்பி முடித்த பிறகுதான் ஆடி அசைந்து வருவாள். முன்பெல்லாம் அவள் பங்கையும் நான் பரப்பிவிடுவேன். மேஸ்திரியான பிறகு மற்றப் பெண்கள் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் நான் செல்லாயியிடம், “அக்கா, நாளைக்கும் இப்படி வந்தா அரை ஆள்னுதான் வைப்பேன்” என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. அரை ஆள் என்றால் பாதிக் கூலி. மறுநாளும் அவள் அப்படியே வந்தாள். அரை ஆள் என்றே வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு களத்தின் மறு மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

“நேத்து வரைக்கும் என் சட்டியில கைய விட்டவ, இன்னைக்கு என் வயித்துலயே கைய விட்டுட்டடி.”

மழை யாரைக் கேட்டு வருகிறது

ஒரு புரட்டாசி மாதம். மத்தியானம் வடக்கே கறுத்தது. நான் “அள்ளுங்க” என்று சத்தம் கொடுத்தேன். களத்தில் மேஸ்திரி இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், எல்லாரும் பலகையை எடுத்து நெல்லைக் குவித்து மூடிவிடுவார்கள். மூடி முடித்ததும் மேகம் தேவகோட்டைப் பக்கமாகப் போய்விட்டது. பளிச்சென்று வெயில். நெல்லைத் திரும்பப் பரப்பினால் காய நேரமில்லை. முதலாளி வந்து, ஒரு நாள் வெயிலை வீணாக்கிவிட்டதாக எல்லார் முன்னாலும் திட்டினார். இனிமேல் தன்னைக் கேட்காமல் அள்ளச் சொல்லக் கூடாது என்றார்.

சரி என்று அடுத்த முறை கேட்கப் போனேன். அவர் காரைக்குடி பாங்கிக்குப் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் மழை இறங்கிவிட்டது. நான் வந்தபோது பெண்கள் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி நனைந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்குக் களத்தில் கிடந்தது பச்சரிசிக்கான அவிக்காத நெல். எல்லாம் மிதந்தது. நாலு நாளில் களத்துக் குவியலில் பச்சை முளை தலைகாட்டியது. முதலாளி அந்த முளையை விரலால் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்:

“கேட்டுச் செய்யின்னு சொன்னேன்தான். அதுக்காக மழை என்னையக் கேட்டுட்டா வரும்?”

எலி

நெல்லை அவிப்பதற்கு முன்னால் தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் அரிசியில் ஒரு நாற்றம் ஏறிவிடும். எவ்வளவு கழுவினாலும் உலையில் அது எழுந்து வந்துவிடும். ஒரு கோடையில் கிணறு வற்றியது. “இன்னும் ரெண்டு தடவை இதே தண்ணி ஓடட்டும்” என்றார் முதலாளி. ஆகாது என்று நான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன், மறுபடியும் சொன்னேன், அதற்கப்புறம் அவர் என்னைப் பார்க்காமலே போக ஆரம்பித்தார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, காரைக்குடி செக்காலையில் அரிசிக் கடை வைத்திருந்தவர் ஒரு மாட்டு வண்டியில் மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். சத்தம் போடவே இல்லை. வெற்றிலையை மடித்தபடி, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். அன்றைக்கே தண்ணீர் லாரி வந்தது. நான் சொல்லி வராத தண்ணீர் அவர் சொல்லி வந்தது. இதில் பாடம் என்று ஒன்று இருந்தால், தரம் எது என்று முடிவு பண்ணுவது காசு கொடுக்கிறவன் மூக்குத்தான். கடைக்காரர் சொன்னது இதுதான்:

“எங்க வாடிக்கை ஆச்சி உலையை இறக்கி வச்சிட்டு, எலி எங்குட்டுச் செத்துக் கிடக்குன்னு வீடு பூராம் தேடியிருக்காக.”

டீச்சரம்மா கட்டு

இதுவரை சொன்னதைக் கேட்டு நீங்கள் சிரித்திருந்தால் பரவாயில்லை. இனி வருவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

காய்ந்த நெல்லைக் கூடையில் சுமந்து மெஷின் கொட்டகைக்குள் போய் ஒரு குழியில் கொட்ட வேண்டும். வாசலிலிருந்து குழிக்குப் போகிற வழியை ஒட்டி, முழங்கால் உயரத்தில் பெல்ட் ஓடும். ஆயில் இஞ்சின் ஒரு மூலையில், அரவை மெஷின் இன்னொரு மூலையில். இரண்டுக்கும் நடுவில் அந்த நீளப் பெல்ட். மறைப்பு எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டுகிறவர்கள். மடிப்பெல்லாம் இடுப்புக்குப் பின்னால் விசிறி போல நிற்கும். நடக்கும்போது அது அசைவது கட்டியிருப்பவளுக்குத் தெரியாது. முன்னால் என்ன வந்தாலும் கண் பார்க்கும். பின்னால் போவதை யார் பார்ப்பது?

ஒரு நாள் ராக்கு என்ற சின்னப் பெண்ணின் கொசுவத்தைப் பெல்ட் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சாண் துணியைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சொல்லிவிட்டேன்: கொட்டகைக்குள் சுமக்கிறவர்கள் முன்கொசுவம் வைத்து, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் போக வேண்டும். மாட்டேன் என்கிறவர்கள் களத்தில் நெல் கிண்டலாம். சுமைக்குக் கூலி கொஞ்சம் கூட என்பதால் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக மாறினார்கள். முதலாளியிடமும் சொன்னேன். “என்னமோ செய்யி” என்றார். பெல்ட்டுக்கு ஒரு கம்பித் தடுப்புப் போடுங்கள் என்றும் கேட்டேன். பார்க்கலாம் என்றார். செல்லாயி மட்டும் மாறவில்லை. களத்திலேயே நின்றுகொண்டாள். குறைந்த கூலியை வாங்கும்போதெல்லாம் என் காதில் விழுகிற மாதிரி சொல்வாள்:

“எங்க ஆத்தா கட்டுன கட்டு இது. முன்னால கொசுவம் வச்சிக்கிட்டு டீச்சரம்மா கணக்கா வந்து நிக்கச் சொல்றா, நெல்லு சுமக்கிறதுக்கு.”

பார்வை போய்த் திரும்பிய நேரம்

கண்டரமாணிக்கத்தில் ஒரு கல்யாணம் என்று சுமக்கிற பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. அரிசி ஏற்ற வாசலில் லாரி நின்றது. லாரிக்காரன் முதலாளியை நச்சரிக்க, முதலாளி களத்துக்கு வந்தார். செல்லாயி பலகையோடு நின்றாள். “ஏத்தா, நீ ரெண்டு கூடை கொண்டு போயிக் கொட்டேன்” என்றார்.

நான் குறுக்கே போனேன். “அவ பின்கொசுவம் கட்டியிருக்கா முதலாளி. உள்ள விடக் கூடாது” என்றேன்.

“சேலை கட்டுறதுக்கெல்லாமா சட்டம் போடுவ? லாரி நிக்கிது, அவ போகட்டும்.”

“அக்கா, அப்ப மாத்திக் கட்டிட்டுப் போ. ஒரு நிமிசம்.”

செல்லாயி கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த சந்தோஷம். “முதலாளியே சொல்லிட்டாக, நீ யாருடி?” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் பின்னாலேயே போனேன், “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டபடி. முதலாளி எனக்குப் பின்னால் வாசலில் வந்து நின்றார்.

குழியில் கொட்டிவிட்டு அவள் திரும்பியபோது பிடித்தது. முதலில் சேலை, பிறகு அவள். நான் ஓடிப்போய் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினேன். இஞ்சின் டிரைவர் சண்முகம் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. இஞ்சினை ஒருமுறை நிறுத்தினால் திரும்பக் கிளப்ப நாலு ஆள் சேர்ந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்பதால், முதலாளி வாயால் சொன்னால்தான் நிறுத்துவது. சண்முகம் கையைக் கொண்டு போனார். கொண்டு போனவர், வாசலில் நின்ற முதலாளி முகத்தைப் பார்த்தார். முதலாளி தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு நிறுத்தினார்.

அந்தப் பார்வை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். பெல்ட்டுக்கு அது போதும். வலது கால் முழங்காலுக்குக் கீழே என்ன ஆனது என்று நான் சொல்ல மாட்டேன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். இஞ்சின் நின்றதும் கொட்டகையே செவிடானது போல இருந்தது. என் மடியில் கிடந்த செல்லாயி கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பஞ்சு, மொதல்ல சேலைய இழுத்து மூடு. ஆம்பளையாளுக நிக்கிறாக.”

என் சட்டம்

அதற்கப்புறம் கம்பித் தடுப்பு வந்தது. கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெரிய எழுத்தில், ‘பின்கொசுவம் கட்டியவர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று எழுதினார்கள். நான் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன். நான் சொன்ன வார்த்தைதான். சுவரில் பார்த்ததும், அட, இனி யாருக்கும் எதுவும் ஆகாது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் முதலாளி என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அன்றுதான். விபத்தைப் பற்றி விசாரிக்க அதிகாரி வரப் போகிறார், செல்லாயி குடும்பம் நஷ்டஈடு கேட்டிருக்கிறது என்றார். நான் சொல்ல வேண்டியதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். இந்த மில்லில் இப்படி ஒரு சட்டம் உண்டு, மேஸ்திரிதான் போட்டாள், எல்லாரும் கேட்டார்கள், செல்லாயி மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் தானாகவே கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். அதில் பாதி நிஜம். அதுதான் என்னைக் குடைந்தது. அவள் கால் போகக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தை வைத்தே, கால் போனதற்கு அவளைக் குற்றவாளி ஆக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் வீட்டுக்காரர் மருந்து வாங்க முதலாளி முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. “நீங்க சொல்லித்தானே முதலாளி போனா?” என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார்:

“சட்டம் போட்டவ நீ, மீறுனவ அவ. நடுவுல நான் எங்கிட்டு வந்தேன்?”

இஞ்சின் சத்தம்

அதிகாரி வந்தார். மெலிந்த மனுஷன், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். முதலில் சண்முகத்தைக் கேட்டார். இஞ்சின் சத்தத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார் சண்முகம். பிறகு என்னைக் கேட்டார். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

முந்தின நாளெல்லாம் நான் யோசித்தது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் இந்த வேலை போகும், மருந்து போகும். சொல்லாவிட்டால் சுவரில் இருக்கிற அந்தச் சிவப்பு எழுத்து யாருக்கு? இனிமேல் நான் ஒருத்தியைப் பார்த்து ‘உள்ளே போகாதே’ என்று சொன்னால், அவளைக் காப்பாற்றச் சொல்கிறேனா, நாளைக்குப் பழியை அவள் தலையில் கட்டச் சொல்கிறேனா? “முதலாளி போகச் சொன்னாக. நான் தடுத்தேன். அவுக மறுபடியும் சொன்னாக. அவ போனா” என்றேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்றார். எழுதுங்கள் என்றேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். வெளியே வந்தபோது சண்முகம் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டு நின்றார்:

“சரியாத்தான் சொல்லிட்ட ஆத்தா. நாளைக்கு எங்குட்டு வேலைக்குப் போவ?”

முதல் நாள் கேள்வி

அவர் கேட்டது சரிதான். எங்குட்டும் கிடைக்கவில்லை. புதுவயல் முழுக்க மில்தான், ஆனால் முதலாளியைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பேச்சு எனக்கு முன்னாலேயே ஒவ்வொரு வாசலுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த வருஷமே என் வீட்டுக்காரரும் போய்விட்டார். மருந்து இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை நானே போதுமான அளவு கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்ச காலம் காரைக்குடியில் ஒரு ஓட்டலில் அரிசி புடைத்தேன். பிறகு ஊருக்கு வெளியே புதுசாக ஒரு மில் வந்தது. அந்த முதலாளிக்குப் பழைய கதை தெரியாது, அல்லது தெரிந்தும் அனுபவப்பட்ட ஆள் வேண்டியிருந்தது. மேஸ்திரியாக வரச் சொன்னார். கூலியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் அவரே பேசினார். வேறு ஏதாவது கேட்கணுமா என்றார். “இங்க இஞ்சினை நிறுத்தணும்னா யாரு சொல்லணும்? நான் சொன்னா நிறுத்துவாகளா?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

“வேலையில சேருற அன்னைக்கே நிறுத்துறதைப் பத்திக் கேக்குற மொத ஆளு நீதான்.”

கொண்டை

நிறுத்தலாம் என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் சேர்ந்தேன். அதைச் செல்லாயியிடம் சொல்லலாம் என்று போனேன். நஷ்டஈடு என்று இழுத்தடித்துக் கடைசியில் ஏதோ வந்திருந்தது. இரண்டு ஆடு வாங்கிக் கட்டியிருந்தார்கள். வாசலில் ஊன்றுகட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் சேலை முன்கொசுவமாக இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். “நின்னு கட்ட முடியலடி. மகதான் கட்டி விடுறா. அவளுக்கு இந்த டீச்சரம்மா கட்டுதான் வருது” என்றாள்.

நான் அதிகாரியிடம் சொன்னதைப் பற்றி ஒரு நாளும் அவள் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. தூக்குச்சட்டியை இழுத்து என் பக்கம் வைத்தாள். கருவாட்டுக் குழம்பு. நான் பிசைந்து ஒரு வாய் வைத்த பிறகு, ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“அன்னைக்கு வாயாலயே தடுத்த. நான் என்னைக்கு வாய்க்குக் கேட்டிருக்கேன்? கொண்டையப் புடிச்சு இழுத்துக் கீழ தள்ளியிருக்கணும்டி.”

‘போ’ என்கிற முதலாளிக்கும் ‘போறேன்’ என்கிறவளுக்கும் நடுவில் கையை நீட்டுவதற்குத்தான் மேஸ்திரிக்குச் சம்பளம் என்றும், அந்தக் கையை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதை மட்டும் வேலையில் சேர்க்கும்போது யாரும் சொல்வதில்லை என்றும் எனக்குப் புரிந்தபோது, என் கையில் கருவாட்டுக் குழம்பு காய்ந்துபோயிருந்தது.